கம்பியும் கணினியும்: சிறு விமானங்களின் நம்பகத்தன்மை குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

1911 ஜனவரியில் கல்கத்தா மைதானத்தில் பெருங்கூட்டத்தின் முன்னே ஆன்றி ஜூலெரோ ஓட்டிய பிரிஸ்டல் பாக்ஸ்கைட் விமானத்தில், விமானியின் கையையும் இறக்கையின் அசையும் பலகைகளையும் இணைத்தவை கம்பிகளே. அக்கம்பியால் பலகையைக் கீழ்நோக்கி இழுக்க மட்டுமே இயலும். அதை மீண்டும் மேலே உயர்த்தியது எதிர்க்காற்று. பின்னாளில் எஃகு வடங்களும் தண்டுகளும் வந்தன, அடிப்படை மாறவில்லை.

இயந்திரக் கட்டுப்பாட்டின் குறைகள் புலனுக்கு எட்டுபவை. வடம் தேயும், தளரும், இழை பிரியும். புறப்படுமுன் கோலை அசைக்கும் கைக்கும் பராமரிப்பாளரின் கண்ணுக்கும் அது பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். மின்னணுச் சுற்றோ அத்தகைய அறிகுறி எதுவுமின்றிச் செயலிழக்கலாம். ஆகவே அங்கே நம்பிக்கை எண்ணிக்கையால் கட்டப்படுகிறது. 2001 ஜனவரி 4 அன்று முதன்முதலில் பறந்த தேஜஸ் போர் விமானத்தில் நான்கு கணினித் தடங்கள் ஒன்றையொன்று ஒப்பிடுகின்றன. முரண்படும் தடம் விலக்கப்படுகிறது. இயந்திர மாற்றுவழி அதில் இல்லை. இயல்பிலேயே நிலைப்பின்றி வடிவமைக்கப்பட்ட அவ்விமானத்தை, கணினியின் இடையறாத திருத்தம் இல்லாமல் மனிதக் கை மட்டும் நிலைநிறுத்த இயலாது.

ஆயினும் நான்கு தடங்களும் ஒரே விதியைப் பின்பற்றும்போது, அவ்விதியிலுள்ள பிழை நான்குக்கும் பொதுவாகிவிடும். சுவீடனின் கிரிப்பன் விமானங்கள் 1989இலும் 1993இலும் விழுந்தபோது அறுந்த கம்பி ஏதுமில்லை. கட்டுப்பாட்டு விதிகளே விமானியின் அசைவுகளோடு ஒத்திசையத் தவறின. 1998 பொக்ரான் சோதனைக்குப் பின் அமெரிக்க ஒத்துழைப்பு நின்றதும், தேஜஸின் விதிகளைச் சரிபார்க்கும் பொறுப்பு முழுவதும் இந்தியக் குழுவின் மேல் விழுந்தது.

அவ்விதிகளை வகுப்பதில் பெரும்பங்கு வகித்தது பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகம். அதே ஆய்வகம் உருவாக்கி, 2000இல் சான்றிதழ் பெற்ற இருவர் அமரும் ஹன்சா பயிற்சி விமானத்திலோ இயந்திர இணைப்பே இருக்கிறது. கணினியை அறியாததால் செய்த தேர்வன்று இது. தானே நிலைத்துப் பறக்கும் அச்சிறு விமானத்திற்குக் கணினியின் திருத்தம் தேவையில்லை. பறப்புக் கழகத்தின் பராமரிப்பாளர் கையால் தொட்டுச் சோதிக்கக்கூடிய தண்டே அங்கே பொருத்தமானது.

கம்பியிலிருந்து கணினிக்கு என ஒற்றை நேர்கோட்டில் தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் இந்த உடனிருப்பைத் தவறவிடுகின்றனர். எந்தக் கருவி மேலானது என்பதைவிட, அதன் பிழையை யார், எப்போது, எதைக்கொண்டு கண்டறிவார் என்பதே நம்பகத்தன்மை குறித்த சரியான கேள்வி.