அருவங்காட்டு மருந்து

மாணவர்களே, கோயமுத்தூரிலிருந்து உதகைக்கு மலை ரயிலில் சென்றவர்கள், குன்னூரைக் கடந்தபின் அருவங்காடு என்னும் சிற்றூரைப் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள மருந்துச் சாலை நோய்க்கு மருந்து செய்வதன்று. துப்பாக்கிக்கு மருந்து செய்வது.

1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் காலத்தில், துப்பாக்கி ஏந்திய வீரன் கருமருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டிக் குண்டையும் இட்டு இடிக்க வேண்டும். கை சிறிது தாராளமாயின் ஒரு வேகம்; சிக்கனமாயின் வேறொரு வேகம். கண் கூர்மையாக இருந்து என்ன பயன்? சுட்டபின் எழும் புகையோ இலக்கையே மறைத்துவிடும்.

வேகத்தின் சிறு வேறுபாடு என்ன செய்துவிடும் என்பீர்கள். நான் வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டும் கணக்கு இது. 1910இல் வந்த 303 ரகத் தோட்டாவின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 744 மீட்டர் வேகத்தில் புறப்படும். அவ்வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு குறைந்தால், காற்றின் தடையைச் சேர்க்காமலே, 500 மீட்டர் தொலைவில் குண்டு நாலரை சென்டிமீட்டர் தாழ்ந்து படும். காற்றையும் சேர்த்தால் பிழை இன்னும் பெருகும். ஆகவேதான் நெடுந்தூரம் சுடும் போட்டியாளர் பலர் மேல்நாடுகளில் இன்றும் மருந்தைத் தாமே நுண்தராசில் நிறுத்துத் தோட்டா அடைக்கின்றனர்.

இக்குறையைப் பெரிதும் தீர்த்தது கார்டைட். இங்கிலாந்தில் ஏபெல், டூவர் என்னும் இரசாயன அறிஞர் இருவர் 1889இல் அதைக் கண்டனர். நைட்ரோகிளிசரினும் வெடிபஞ்சும் வாசலினும் கலந்து, இடியாப்பம் பிழிவதுபோல் இழைகளாகப் பிழிந்தனர். ஒரே பருமனுள்ள இழைகளை ஒரே நீளமாக நறுக்கித் தோட்டாவில் வைத்தால், எரிதலும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும்; புகையும் மிகக் குறைவு. வாசலினைக் குழலின் தேய்மானம் குறையட்டும் என்றுதான் சேர்த்தனர். அது மருந்து கெடாமல் காக்கிறது என்பது பின்னரே புலப்பட்டது. விஞ்ஞானத்தில் இத்தகைய வேடிக்கைகள் உண்டு!

கார்டைட்டுக்கும் ஒரு குணம் உண்டு. வெப்பம் ஏறினால் அதன் அழுத்தமும் ஏறும். குளிர்ந்த மேட்டுநிலமான அருவங்காட்டில் 1903இல் தொழிற்சாலை நிறுவப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899லேயே ரயில் வந்திருந்தது; காட்டேரி அருவியின் நீர் மின்சாரம் தந்தது. குன்னூருக்கு அப்பால் ரயில் உதகையை எட்டியது 1908இல். 2021 அக்டோபரில் தொழிற்சாலை மியூனிஷன்ஸ் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின் கீழ் வந்தது. ஊரார் நாவில் அது ‘கார்டைட் பாக்டரி’தான்.