அக்ரூட் கட்டையும் நைலான் கட்டையும்

துப்பாக்கி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது இரும்புக் குழலேயாம். அக்குழலைத் தாங்கி, தோளிலும் கன்னத்திலும் பொருந்தி நிற்கும் கட்டையைப் பற்றி எவரும் நின்று பேசுவதில்லை. ஆயினும், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் வேட்டைக்காரரிடையே பெரும் வாதத்தையும் மனக்கசப்பையும் விளைவித்தது அந்தக் கட்டைதான். நூற்றாண்டுக் கணக்காக மரத்தில் செதுக்கப்பட்டு வந்த ஒன்றை அமெரிக்க நாட்டார் பிளாஸ்டிக்கில் வார்க்கத் துணிந்தனர். கண்டவர் முகஞ்சுளித்தனர். சுளித்த முகத்துடனேயே பலர் அதை வாங்கியும் சென்றனர். அஃது எங்ஙனம் நேர்ந்தது என்பதை நேயர்களுக்குக் கூறவே இக்கட்டுரை எழுந்தது.

ஆங்கிலேயர் வால்நட் என்று அழைக்கும் அக்ரூட் மரம், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் துப்பாக்கிக் கட்டைக்கென்றே படைக்கப்பட்டது போலக் கருதப்பட்டு வந்தது. அந்த மதிப்புக்குக் காரணம் உண்டு. அது கனத்துக்கு ஏற்ற வலிமை உடையது, வெடியின் அதிர்ச்சியைத் தாங்கும், உளிக்கு இணங்கும், எண்ணெய் ஏற ஏற உள்ளிருக்கும் வரிகள் புகையும் தேனும் கலந்தாற் போலப் பொலியும். ஆனால் அத்தகைய மரம் வளர ஒரு மனிதனின் ஆயுள் வேண்டும். வெட்டிய பின்னும் அதன் ஈரம் போக ஆண்டுக் கணக்கில் உலர்த்த வேண்டும். அதன் பின்னரே கைவினைஞன் அதைத் தொடுவான். வரி மிகுந்த கட்டைக்குச் செல்வர் கொடுத்த விலையில் சாதாரண ரைபிள்கள் பலவற்றை வாங்கிவிடலாம். ஆகவே நல்ல கட்டை என்பது வேட்டைக்கருவியின் உறுப்பாய் இருந்ததோடு, உடையவனின் அந்தஸ்தைப் பறைசாற்றும் விளம்பரப் பலகையாகவும் இருந்தது.

ஆனால் மரம் மரந்தானே! மழைக்காலத்தில் நம் வீட்டு மேசையின் இழுப்பறை திறக்க மறுப்பதை யார் அறியார்? ஈரத்தை உண்டு மரம் உப்புகிறது. வெயிலில் அதனை உமிழ்ந்து சுருங்குகிறது. சில வேளை முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. இழுப்பறை திறவாவிடில் ஒரு குத்து விட்டால் தீர்ந்தது. ரைபிளின் கட்டை முறுக்கிக்கொண்டால் அதன் விளைவு வேறு.

நான் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைப்பவன். ஆதலால் இதனையும் கணக்காகவே காட்டுகிறேன். குழலின் நீளம் 24 அங்குலம் என்று கொள்வோம். ஈரத்தில் உப்பிய கட்டை அக்குழலின் முனையை ஓர் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு ஒதுக்கிவிட்டது என்க. அஃது எம் பேரேட்டின் இரண்டு மூன்று தாள்களின் கனமே, கண்ணுக்குப் புலனாகாது. நூறு கஜம் என்பது 3,600 அங்குலம், அதாவது குழலின் நீளத்தைப் போல் 150 மடங்கு. ஆகவே நூறு கஜத்தில் குண்டு ஒன்றரை அங்குலம் விலகும். முந்நூறு கஜத்தில் நாலரை அங்குலம் விலகும். மானின் நெஞ்சில் பாய வேண்டிய குண்டு வயிற்றில் பாய்வதற்கு இத்தகைய விலகல்களே போதும். வயிற்றில் அடிபட்ட விலங்கு உடனே வீழ்வதில்லை. புதருக்குள் ஓடி, மணிக்கணக்கில் துடித்து, எவர் கைக்கும் அகப்படாமல் மடிகிறது. வேட்டை சரியா தவறா என்ற கேள்வி ஒருபுறம் இருக்க, வேட்டையாடுகிறவன் அவ்விலங்குக்கு விரைந்த சாவையேனும் தரக் கடமைப்பட்டவன் என்பதை மறுப்பார் இல்லை. முந்திய நாள் மாலை குறி சரிபார்த்து வைத்த ரைபிள், இரவெல்லாம் மழையில் நனைந்து, காலையில் வேறோர் இடத்தில் சுடுமாயின், அக்கட்டையின் வரிகள் எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்?

மரத்தின் இக்குறையைச் சேனைகள் அறிந்திருந்தன. இரண்டாவது உலக மகாயுத்தத்தில் ஜெர்மானியர் தம் மௌசர் ரைபிள்களுக்கு மெல்லிய மரத்தகடுகளைப் பசையிட்டு அடுக்கி ஒட்டிய கட்டைகளை ஏராளமாகப் பொருத்தினர். ஒரு தகடு ஒரு பக்கம் முறுக்க முனைந்தால் மற்றொன்று அதனைத் தடுக்கும். இது மரத்தை மரத்தாலேயே அடக்கும் உபாயம். மரத்தையே விட்டொழிக்கும் உபாயமோ ரசாயனசாலைகளில் உருவாகிக்கொண்டிருந்தது.

பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய லியோ பேக்லண்டு என்பவர் 1907-இல் பேக்கலைட் என்னும் பொருளைக் கண்டார். முழுவதும் செயற்கையாய் ஆக்கப்பட்ட முதற் பிளாஸ்டிக் அதுவே. உடையும் இயல்புடைய அது துப்பாக்கியின் சிற்சில உறுப்புகளுக்கு உதவிற்றேயன்றி, முழுக் கட்டைக்கும் உகந்ததாய் அமையவில்லை. 1940களில் ஸ்டீவன்ஸ் கம்பெனியார் டெனைட் என்ற பிளாஸ்டிக்கால் சிறு துப்பாக்கிகளுக்குக் கட்டை செய்து விற்றனர். மரத்தினின்று எடுக்கும் செல்லுலோஸைப் பக்குவப்படுத்திச் செய்த அப்பொருள், காலம் செல்லச் செல்லச் சுருங்கிக் கோணிற்று. மரத்தின் குறையைத் தீர்க்க வந்த பொருள் அதே குறையைத் தானும் காட்டியது! பிளாஸ்டிக் கட்டை என்றாலே மட்டமான சரக்கு என்று மக்கள் எண்ணியது குருட்டு அபிமானம் மட்டுமன்று. அனுபவமும் அவர்களை அவ்வாறு எண்ண வைத்தது.

இனி நைலானுக்கு வருவோம். டூபாண்ட் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் விஞ்ஞானி 1935-இல் இதனை ஆக்கினார். ஆறு கரியணுக்கள் கொண்ட இரண்டு பொருள்களை இணைத்து ஆக்கியதனால் இவ்வகைக்கு நைலான் 66 என்று பெயர். 1940-இல் இது பெண்களின் காலுறையாகக் கடைக்கு வந்தது. யுத்தம் மூண்டதும் பாராசூட் துணியாயிற்று. கண்டுபிடித்தவர் இவற்றுள் ஒன்றையும் காணவில்லை, 1937-இலேயே மறைந்துபோனார்.

டூபாண்ட் கம்பெனியே 1933 முதல் ரெமிங்டன் துப்பாக்கிக் கம்பெனியிலும் பெரும்பங்கு உடையதாயிருந்தது. ஒரே முதலாளியின் ஒரு கையில் நைலான், மறு கையில் துப்பாக்கி! இவ்விரண்டும் ஒன்று சேராதிருந்தால்தான் வியப்பு. மரக்கட்டையைக் கடைந்து, இழைத்து, மெருகேற்றும் கூலி ஏறிக்கொண்டே போயிற்று. ரெமிங்டன் பொறியாளர்கள் டூபாண்டிடம், வலிமையும் இலேசும் உடையதும், வெப்பம், குளிர், எண்ணெய், ஈரம் ஆகிய எதற்கும் மசியாததுமான ஒரு பொருளைக் கேட்டனர். கிடைத்தது கடினமாக்கிய நைலான். அதைக்கொண்டு 1959-இல் வெளிவந்த சிறு ரைபிளுக்கு, அந்தப் பொருளின் பெயரையே சூட்டி நைலான் 66 என்று அழைத்தனர்.

இதில் கட்டை மட்டுமா நைலான்? இயந்திரத்தைத் தாங்கும் கூடும் நைலானே. இரு பாதிகளாக வார்த்து ஒன்றாய்ப் பொருத்தி, மேலே மெல்லிய எஃகுத் தகட்டால் மூடினர். எஃகுப் பாகம் நைலான் தடத்தின் மீது முன்னும் பின்னும் வழுக்கி ஓடியதால் எண்ணெய் இடும் வேலையே இல்லை. கடுங்குளிரில் எண்ணெய் குழம்பாய் இறுகித் துப்பாக்கி அடைத்துக்கொள்வது வழக்கம். எண்ணெய் வேண்டாத துப்பாக்கிக்கு அந்தத் தொல்லை ஏது? பனி நாட்டார் இதனை விரும்பியதில் வியப்பில்லை.

எனினும், பொதுமக்கள் நம்ப வேண்டுமே! ரெமிங்டன் கம்பெனியாரின் குறிகாரர் டாம் ஃப்ரை 1959-இல் பதின்மூன்று நாட்கள் தொடர்ந்து, ஆகாயத்தில் எறியப்பட்ட சிறு மரக்கட்டைகளை இவ்வகை ரைபிள்களால் சுட்டார். எறிந்தவை 100,010. தவறியவை ஆறு. 1907-இல் அடால்ஃப் டாப்பர்வைன் 72,500 கட்டைகளைச் சுட்டு ஒன்பதைத் தவறவிட்டதே அதுவரை பெரிய சாதனை. இஃது ஒரு வியாபார விளம்பரமே, அதில் ஐயமில்லை. ஆனால் விளம்பரத்துக்காகவேனும் லட்சம் முறை சுடப் பயன்பட்ட வகையைப் பொம்மை என்று இகழ்வது கடினம். மரத்தைச் சுட்டுப் பிளாஸ்டிக்கின் பெருமையை நிலைநாட்டினார்கள் என்பதும் ஒரு வேடிக்கையே.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நைலான் கட்டை தன் நிறத்தை மறைத்தே வெளிவந்தது. மரத்தின் வரி போன்ற கோடுகள் கலந்த பழுப்பு நிறம். கைவினைஞன் உளியால் செதுக்குவது போன்ற கட்டம் கட்டமான அச்சுவேலை. வைரவடிவில் பதித்த வெள்ளைத் துண்டு. பழுப்புக்கு மொஹாக் என்றும் பச்சைக்கு செனிகா என்றும், அந்நாட்டு ஆதிகுடிகளின் பெயர்களை இட்டனர். நிலத்தைப் பறிகொடுத்தவர்களின் பெயர்கள் நைலானில் மிஞ்சின. அது நிற்க. பொருள் புதிதாயிருந்தும் வேடம் பழையதாயிருந்தது. தன்னை மரமென்று சொல்லிக்கொள்ளும் பிளாஸ்டிக்கையே நான் உண்மையில் அவலட்சணம் என்பேன். கறுப்பாய், வெறுமையாய், வரியும் மெருகும் இன்றிப் பின்னாளில் வந்த கட்டை எவரையும் ஏமாற்றவில்லை.

அந்தக் கறுப்புக் கட்டைக்கு வழிவகுத்தது வியட்நாம் யுத்தம். யூஜின் ஸ்டோனர் வகுத்த அமைப்பிலிருந்து பிறந்த எம்-16 ரைபிள் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டையுடன் காட்டுக்குள் சென்றது. ஒரு பொம்மைக் கம்பெனியின் பெயரைச் சொல்லிச் சிப்பாய்கள் அதனை நகையாடினர். அது அடைத்துக்கொண்டு சிப்பாய்கள் மாண்டபோது நகைப்பு கோபமாயிற்று. 1967-இல் அமெரிக்க மக்கள் சபையின் குழுவொன்று விசாரித்தது. வெடிமருந்தை மாற்றியதும், தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சு இடாததும், துடைக்கும் கருவிகளைச் சரிவரக் கொடுக்காததும் அத்துன்பத்துக்குக் காரணங்களென வெளிப்பட்டன. கட்டையின் மேல் குற்றமில்லை. பார்வைக்கு அந்நியமானது எதுவோ அதன் தலையில் முதலில் பழி விழுவது வழக்கந்தானே.

அதே காட்டில் மரக்கட்டையின் கதை வேறாயிற்று. அமெரிக்கக் கடற்படைச் சிப்பாய்களுள் குறிதேர்ந்தோருக்கு 1966 முதல் எம்-40 என்ற ரைபிள் வழங்கப்பட்டது. வேட்டைக்காரர் கையாண்ட ரெமிங்டன் 700 ரைபிளின் வழிவந்த அதற்கு அக்ரூட் கட்டை. வியட்நாமின் மழையிலும் புழுக்கத்திலும் அக்கட்டை உப்பி, முறுக்கி, குழலை அழுத்தியது. ஒரே குண்டில் காரியத்தை முடிக்க வேண்டியவனுக்கு இதைவிடப் பெரிய துரோகம் உண்டோ? 1970களில் அதனைத் திருத்தி எம்-40ஏ1 என அமைத்தபோது, மரம் நீங்கி, மக்மில்லன் கம்பெனியின் கண்ணாடியிழைக் கட்டை இடம்பெற்றது.

கண்ணாடியிழை என்பது கண்ணாடியை நூலாய் இழுத்து, பிசினில் தோய்த்து, படிவத்தில் படிய வைப்பது. செட் பிரௌன், லீ சிக்ஸ் போன்றோர் 1960களிலேயே இதனைப் பந்தயத்தில் குறி சுடுவோருக்காகச் செய்யத் தொடங்கியிருந்தனர். பந்தயக்காரனுக்கு அழகுணர்ச்சி தடையில்லை. அவன் எண்ணுவது ஐந்து குண்டுகளும் ஒரே துளையில் பாய்ந்தனவா என்பதை மட்டுமே. அவனிடமிருந்து அது வேட்டைக்காரனிடம் பரவிற்று; அலாஸ்காவின் மழைக்காடுகளிலும் உப்புக்காற்றிலும் வழிகாட்டிகளாய்ப் பிழைப்போர் துருவேறா எஃகுக் குழலையும் செயற்கைக் கட்டையையும் விரும்பி ஏற்றனர். படகில் வீசலாம், பாறையில் உரசலாம், கீறல் விழுந்தால் துக்கப்பட வேண்டியதில்லை. பாட்டனார் தந்த அக்ரூட் கட்டையில் ஒரு கீறல் விழுந்தால் வீட்டில் இழவு விழுந்தது போலன்றோ வருந்துவர்!

இவ்வளவு சொன்னதால் செயற்கைக் கட்டை குற்றமற்றது என்று யாரும் கொள்ள வேண்டா. விலை மலிந்த ரைபிள்களுக்கு அச்சில் வார்த்து ஊற்றும் வெறும் பிளாஸ்டிக் கட்டை நெகிழ்ந்து வளையும். முன்பாகத்தை மரக்கிளையில் சாய்த்துச் சுட்டால் அது குழலில் முட்டி, மரம் செய்த அதே துரோகத்தைச் செய்யும். உள்ளே கூடாயிருப்பதால் முட்செடி உரசினாலும் பறை போல ஒலித்து விலங்கை எழுப்பும். பனிநாளில் கன்னத்தைச் சில்லிட வைக்கும். இலேசாயிருப்பதால் தோளில் உதையும் மிகுதி. நன்கு செய்த கண்ணாடியிழைக் கட்டைக்கு இக்குறைகள் பெரும்பாலும் இல்லை. ஆனால் அதன் விலையோ சாதாரண அக்ரூட் கட்டையின் விலையை விஞ்சிவிடும். ஆக, ஏழைக்கும் பிளாஸ்டிக், செல்வனுக்கும் பிளாஸ்டிக். இரண்டும் ஒன்றல்ல என்பது கையில் எடுத்தவனுக்கே தெரியும்.

மரத்தின் பக்கம் நின்றோரையும் நான் இகழமாட்டேன். அமெரிக்க வேட்டைப் பத்திரிகையில் நெடுங்காலம் எழுதிய ஜாக் ஓ'கானர், 1978-இல் மறையும் வரை நல்ல அக்ரூட் கட்டையின் பக்தராகவே இருந்தார். அவருக்கு ஆல் பீசன் என்ற கைவினைஞர் அமைத்துக் கொடுத்த ரைபிளின் படத்தைப் பார்த்தால், எனக்கும் கை நீட்டித் தொடத் தோன்றுகிறது. ஒரு மனிதன் மாதக்கணக்கில் குனிந்திருந்து மரத்துக்கும் இரும்புக்கும் இடையே ஒரு தாள் நுழையாதபடி பொருத்திய வேலை அது. அத்தகைய கைகள் குறைந்துபோயின. அது நஷ்டந்தான், நைலானின் சிறப்பைச் சொல்லி அந்த நஷ்டத்தை ஈடு செய்ய இயலாது.

நைலான் 66 ரைபிள் 1980களின் இறுதி வரை உற்பத்தியாகிப் பத்து லட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. இப்பொழுது அதனைத் தேடித் திரட்டுவோர் உளர். பண்ணைவீட்டுச் சிறுவர்கள் மழையிலும் சேற்றிலும் எறிந்து புழங்கிய அந்த ரைபிளை, கீறல் விழாததாகப் பார்த்து, எவரும் தொடாதபடி கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டுகின்றனர்.