வாக்குப்பெட்டிக்குக் காவல் நின்ற படை

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திற்குத் தெற்கே, மதிலுக்கு அப்பால் தொடங்குகிறது சென்னைத் துறைமுகம். 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையை விட்டுப் புறப்பட்ட இந்திய அமைதி காக்கும் படையின் கடைசி அணி இங்குதான் வந்து இறங்கியது. அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க மனம் ஒப்பவில்லை என்பது அவர் சொன்ன காரணம். ஆணையை ஏற்றுச் சென்று உயிர் கொடுத்தவர்களுக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பு என்று படையினர் கருதினர். அந்தப் படையில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தனர் என்பதை இந்த விவாதத்தில் இரு தரப்பாருமே மறந்துவிடுகின்றனர்.

புறக்கணிக்கப்பட்ட இவ்வரவேற்பைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. அப்படை காவல் நின்று நடத்தி வைத்த ஒரு தேர்தலைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசியிருக்கிறோம்.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் கொழும்பில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைந்து ஒரே மாகாணமாகும்; அவ்வாண்டு முடிவதற்குள் மாகாண சபைத் தேர்தல் நடைபெறும்; அதற்கு இந்தியப் பார்வையாளர்கள் அழைக்கப்படுவர். ஆம், பார்வையாளர்கள்தாம்! மறுநாளே 54ஆவது காலாட்படை டிவிஷனின் முன்னணிப் பிரிவுகள் யாழ்ப்பாணத்தில் இறங்கின. அக்டோபர் 10 அன்று விடுதலைப் புலிகளுடன் போர் மூண்டது. அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மக்களின் நம்பிக்கை அன்றே முறிந்தது என்று கூறுவது மிகையாகாது. இதற்கிடையே மேலும் மேலும் படைகள் சென்றன. யாழ்ப்பாணத்தில் 54, திருகோணமலையில் 36, மட்டக்களப்பில் 57, வவுனியாவில் 4 என்று நான்கு டிவிஷன்கள் பரவி நின்றன.

இந்தக் காவலில்தான், ஓராண்டுத் தாமதத்திற்குப் பிறகு, 1988 நவம்பர் 19 அன்று தேர்தல் நடைபெற்றது. புலிகள் புறக்கணித்தனர். மிதவாதத் தமிழர் விடுதலைக் கூட்டணியும் ஒதுங்கி நின்றது. கிழக்கின் 35 இடங்களுக்கு மெய்யாகவே போட்டி இருந்தது, ஈ.பி.ஆர்.எல்.எஃப். 17, முஸ்லிம் காங்கிரஸ் 17, ஐக்கிய தேசியக் கட்சி 1. வடக்கிலோ 36 இடங்களும் போட்டியின்றியே நிரம்பின! ஈ.பி.ஆர்.எல்.எஃப்.பும் ஈ.என்.டி.எல்.எஃப்.பும் அவற்றைப் பங்கிட்டுக்கொண்டன. யாழ்ப்பாணத்தில் ஒருவர்கூட வாக்களிக்காமலேயே அவரது பிரதிநிதி தேர்வாகிவிட்டார். டிசம்பரில் வரதராஜப் பெருமாள் முதலமைச்சரானார்.

ஈ.பி.ஆர்.எல்.எஃப்.பை வெறும் கைப்பாவை என்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று. 1986 டிசம்பரில் புலிகளால் வேட்டையாடப்பட்ட இயக்கம் அது. பாதுகாப்பு தேடிய இடத்திலேயே அதிகாரமும் கிடைத்தது. அதனாலேயே அந்த அதிகாரம் காவலை நம்பி நிற்க வேண்டியதாயிற்று. இந்தியப் படை திரும்பிவிடும் என்று தெரிந்ததும், 1989இல் தெருவிலும் பள்ளியிலும் இளைஞர்களைப் பிடித்துத் தமிழ்த் தேசிய இராணுவம் என்றொரு படையைத் திரட்டினர். கட்டாயத்தில் சேர்க்கப்பட்ட அப்பிள்ளைகள் பலர் புலிகளின் துப்பாக்கிக்கு இரையாயினர். இத்தேர்தலின் கணக்கில் அந்த உயிர்களையும் சேர்த்தாக வேண்டும்.

இங்கே நமீபியாவை நினைத்துப் பார்க்கலாம். 1989 நவம்பரில், நம் தேர்தலுக்குச் சரியாக ஓராண்டு கழித்து, ஐ.நா. காவலில் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. ஐ.நா. படைக்குத் தலைமை தாங்கியவர் இந்தியரான ஜெனரல் பிரேம் சந்த். தேர்தலுக்கு முன் அங்கும் பலத்தைக் கூட்டினர். ஆனால் கூட்டியது சிப்பாய்களை அல்ல, காவலர்களை. 500ஆக இருந்தவர்கள் 1,500 ஆயினர். தென்னாப்பிரிக்கா வளர்த்துவிட்ட உள்ளூர்ப் போலீசின் கொடுமையிலிருந்து வாக்காளரைக் காப்பது அவர்கள் பணி. நேற்றுவரை ஆயுதம் ஏந்திய ஸ்வாப்போ 72இல் 41 இடங்களை வென்றது, எதிர்த்தரப்பான டி.டி.ஏ. 21 இடங்களைப் பெற்றது. போரிட்ட இயக்கமே அங்கே வேட்பாளராகவும் நின்றது. நம் படை காத்த தேர்தலில் முதன்மையான போராளித் தரப்பு களத்தில் இல்லை. படையோ அதே தரப்போடு போரிட்டுக்கொண்டிருந்தது. எத்தனை டிவிஷன்களை அனுப்பினாலும் அந்த வெற்றிடத்தை நிரப்ப இயலாது. புலிகள் போட்டியிட்டிருந்தால் எல்லாம் நேராகியிருக்கும் என்று நான் வாதிடவில்லை. மாற்றுக் குரல்களை அவர்கள் நடத்திய விதம் நாம் அறிந்ததே.

எஞ்சியது விரைவாக முடிந்தது. பதவிக்கு வந்த பிரேமதாசா 1989 ஜூன் மாதம் இந்தியப் படையை வெளியேறச் சொன்னார். புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தார். படை ஏறத்தாழ 1,200 பேரை இழந்து திரும்பியது. மாகாண சபை 1990இல் கலைக்கப்பட்டது. இணைப்பு குறித்துக் கிழக்கு மாகாணத்தில் நடத்தப்பட வேண்டிய பொது வாக்கெடுப்பு ஒருபோதும் நடக்கவில்லை. 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் இணைப்பே செல்லாதென்றது. வடக்கின் மக்கள் தங்கள் மாகாண சபைக்கு முதன்முறையாக வாக்குச் சீட்டில் அடையாளமிட்டது 2013 செப்டம்பர் 21 அன்று. அவர்கள் பெயரால் 36 உறுப்பினர்கள் பதவியேற்று அப்போது கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.