உறை கூறும் வரலாறு

ஓர் உறையில் இரண்டு வாள் அடங்காது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. அப்பழமொழியிலும் பெருமை வாளுக்கே. உறை, வாள் இருக்கும் இடம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. வரலாற்று நூல்களும் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்பட்டுள்ளன. எந்த அரசன் எந்த வாளை ஏந்தினான், எந்தத் தளபதி எத்தனை துப்பாக்கிகளோடு வந்தான் என்று அவை கூறும். அப்படைக்கலங்களை மழையினின்றும் புழுதியினின்றும் காத்த உறையை யார் தைத்தார் என்று கூறுவதில்லை. கைத்துப்பாக்கிகளுக்கெனக் கையால் தைக்கப்பெற்ற பழைய தோலுறைகளைத் தேடிச் சேர்ப்போர் உலகின் பல பாகங்களிலும் இருக்கின்றனர். அவ்வுறைகளில் அவர்கள் படிக்கும் வரலாற்றைப் பற்றியே இன்று சில கூற விரும்புகிறேன்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு அலுமாரியில் அத்தகைய உறை ஒன்று நெடுங்காலம் இருந்தது. என் தாயின் தந்தையார் நில அளவையாளராக வன்னிக் காடுகளில் பணிபுரிந்தவர். அனுமதிப்பத்திரம் பெற்று அவர் வைத்திருந்த வெப்லிச் சுழல்துப்பாக்கி, அவர் ஓய்வுபெற்றபோது அரசாங்கத்திடம் சேர்ந்துவிட்டது. உறை மாத்திரம் வீட்டிலே தங்கிற்று. பாட்டியார் அதனுள் தமது பாக்குவெட்டியை வைத்திருந்தார். மூடியின் உட்புறத்தில் ஓர் அம்புக்குறியும், கான்பூர் என்னும் ஊர்ப்பெயரும், 1917 என்னும் ஆண்டும் அழுத்தப்பட்டிருந்தன. சிறுவனாகிய எனக்கு அது பாக்குவெட்டியின் உறையே. அதன் பொருளை நான் உணர்ந்தது, அதனை இழந்த பின்னரேயாகும்.

கைத்துப்பாக்கி, ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டிலே குதிரை வீரரின் படைக்கலமாகப் பரவியது. அதற்கு முந்திய துப்பாக்கியைச் சுடுவதற்கு எரியும் திரி ஒன்று வேண்டியிருந்தது. சக்கரத்தின் உராய்வினால் தீப்பொறி எழுப்பும் பொறி வந்த பின்னரே, ஒரு கையால் கடிவாளத்தைப் பற்றிக்கொண்டு மறு கையால் சுடுதல் எளிதாயிற்று. அக்காலத்து உறை இடுப்பில் இருந்ததன்று. சேணத்தின் முன்புறத்தில், வலமும் இடமுமாக இரண்டு உறைகள் தொங்கின. 1836இல் சாமுவேல் கோல்ட் என்பார் அமெரிக்காவில் சுழல்துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். மீண்டும் மருந்து கெட்டிக்காமல் பல முறை சுடவல்ல அக்கருவி பரவியபோது, உறையும் சேணத்தை விட்டுப் படிப்படியாக மனிதனின் இடுப்புக்கு வந்து சேர்ந்தது.

அவ்வுறையை இடுப்பில் உறுதியாக நிறுத்திய பெருமை, கை இழந்த ஒருவருக்கு உரியது. சாம் பிரவுண் என்னும் அவர் 1824இல் வங்காளத்துப் பாரக்பூரில் பிறந்தவர். 1858ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் வட இந்தியாவில் நடந்த ஒரு சண்டையில் தமது இடக்கையைத் தோளோடு இழந்தார். வாளை உருவும்போது அதன் உறையைப் பிடித்துக்கொள்வது இடக்கையின் வேலை. அக்கை இல்லாதவர் என் செய்வார்? இடுப்புப் பட்டியோடு தோளின் குறுக்கே செல்லும் வார் ஒன்றை இணைத்தார். வாளும் கைத்துப்பாக்கியும் ஆடாது நின்றன. அவர் பெயரால் வழங்கும் அப்பட்டி பின்னர் பல நாட்டுப் படைகளிலும் பரவி, நம் நாட்டுப் பொலிஸ் அதிகாரிகளின் சீருடையிலும் இடம்பெற்றது.

இனி, இவ்வுறை செய்யப்படும் முறையைக் காண்போம். தடித்த மாட்டுத்தோலை அளவாக வெட்டி, நீரில் நனைத்து, துப்பாக்கியின் மீதோ அதன் வடிவிலமைந்த மரக்கட்டையின் மீதோ வைத்து அழுத்தி உலரவிடுவர். உலர்ந்த தோல் அவ்வடிவத்தை மறப்பதில்லை. அதனாலேதான் துப்பாக்கி போய் நூறாண்டு கழிந்த பின்னும், வெற்று உறையைப் பார்த்து உள்ளிருந்தது எவ்வகைத் துப்பாக்கி என்று அறிந்தோர் கூறிவிடுகின்றனர். தையலுக்கு, மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனைகளிலும் இரண்டு ஊசிகளைக் கோப்பர். குத்தூசியால் இட்ட ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிராகச் சென்று வரும். இயந்திரத் தையல் ஓரிடத்தில் அறுந்தால் அடுத்தடுத்துப் பிரிந்துகொண்டே போகும். கைத்தையலிலோ ஓர் இழை அறுந்தாலும் மற்றை இழை பிடித்து நிற்கும்.

கொட்டாஞ்சேனையில் என் நண்பர் ஒருவர் பதினொரு உறைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். ஒன்றிலேனும் துப்பாக்கி இல்லை. துப்பாக்கி வைத்திருப்பதற்கு 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதை நேயர்கள் அறிவீர்கள். அவருக்கோ துப்பாக்கியில் விருப்பமும் இல்லை. தையலை விரல் நுனியால் தடவிக் கைவேலையா, இயந்திர வேலையா என்று கூறுவார். வெட்டுவாயைப் பார்த்து, மரப்பட்டையில் பதனிட்ட தோலா, குரோமிய உப்பில் பதனிட்டதா என்று பிரிப்பார். முன்னையது உள்ளும் புறமும் பழுப்பு நிறம். பின்னையதன் உள்ளே நீலச் சாம்பல் நிறம் தோன்றும். சென்னையை அடுத்த குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்தது இப்புதிய முறையால் தோல் பதனிட்ட தொழிற்சாலையாலேயே என்பதை அவர் கூறித்தான் நான் அறிந்தேன்.

எங்கள் வீட்டு உறையின் முத்திரையைப் பற்றி நான் சொன்னபோது, அதன் பொருளையும் அவரே விளக்கினார். அம்புக்குறி அரசாங்க உடைமையின் அடையாளம். கான்பூரில் 1860களில் தொடங்கப்பெற்ற அரசாங்கச் சேணத் தொழிற்சாலை படையினருக்கு வேண்டிய தோற்பொருள்களைச் செய்துவந்தது. 1917 என்பதற்கும் ஒரு கதை உண்டு. 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் நடந்த போரில், மழையிலும் வெயிலிலும் தோல் வார்கள் நீண்டும் விறைத்தும் தொல்லை தந்தன. ஆகவே 1908இல் பிரித்தானியக் காலாட்படை பருத்தி நாடாவால் நெய்த பட்டிகளுக்கு மாறியது. 1914இல் பெரும்போர் மூண்டதும் நெய்த பட்டிகள் போதவில்லை. மீண்டும் தோலை நாடினர். அடுத்த உலகப் போருக்குள் உறையும் நெசவுத் துணியாலாயிற்று. எங்கள் உறை, தோலின் அந்திக்காலத்தில் பிறந்தது.

அத்தோல் எங்கிருந்து வந்தது? வட இந்தியாவில் கருவேலம்பட்டையாலும், தமிழகத்தில் ஆவாரம்பட்டையாலும் தோலைப் பதனிட்டனர். சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் களைந்து, பட்டைநீரில் பல நாள் கிடத்தி, வெயிலிற் சிவந்துவிடாதிருக்கக் கடுக்காய்நீரில் தோய்த்து எடுப்பது தமிழகத்து முறை. அவ்வாறு பதனிட்ட தோல்கள் சென்னைத் துறைமுகத்தினூடாக இங்கிலாந்துக்குப் பெருந்தொகையாகச் சென்றன. முதலாம் உலகப் போரின்போது, படைவீரரின் சப்பாத்துகளுக்காகப் பிரித்தானிய அரசு அவற்றைத் தன் வசப்படுத்தி வாங்கியது. பூவை நீரிலிட்டுப் பருகுகின்றோமே, அந்த ஆவாரையின் பட்டைதான் ஐரோப்பியப் போர்க்களம்வரை சென்றது.

இங்கே ஒரு வேறுபாட்டை நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். அமெரிக்காவில் உறை சேர்ப்போர் முதலிற் தேடுவது செய்தவர் பெயரையே. வயோமிங் மாநிலத்துச் செயென் நகரில் கடை வைத்திருந்த பிராங்க் மீனியாவின் முத்திரை ஓர் உறையில் இருந்தால் அதன் மதிப்பே வேறு. கான்பூர் உறையிலோ அரசின் குறி உண்டு, ஊரின் பெயர் உண்டு, ஆண்டு உண்டு. தைத்தவன் பெயர் இல்லை. மீனியாவின் கடையிலும் கூலிக்குத் தைத்தோர் இருந்திருப்பர். ஆயினும் ஒரு கைவினைஞன் தன் பெயரைத் துணிந்து பொறிக்க அங்கே இடமிருந்தது. நம்மிடையே தோலைத் தொட்ட கையைத் தொடலாகாது என்று ஒதுக்கிய சமூகம், அக்கை தைத்த பட்டியை இடுப்பில் அணிந்து பெருமை கொண்டது.

இப்பெயரின்மை இன்று நேற்று வந்ததன்று. புறநானூற்றின் 82ஆம் பாடலில், சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருத வேகத்துக்குச் சாத்தந்தையார் ஓர் உவமை தேடுகிறார். ஊரிலே விழா நெருங்குகிறது. மனைவி பிள்ளைப்பேற்று நோவில் இருக்கிறாள். பொழுதோ சாய்கிறது, மழையும் பெய்கிறது. அந்நிலையில் கட்டிலுக்கு வார் பின்னும் தொழிலாளி ஒருவனின் ஊசி எவ்வளவு விரைந்து செல்லும்! அதனினும் விரைவானது அந்தப் போர் என்கிறார் புலவர். மன்னனுக்குப் பெயர் உண்டு. தோற்ற மல்லனுக்கும் ஊர் உண்டு. ஊசி பிடித்தவனுக்கோ, இழிசினன் என்னும் சொல் ஒன்றே மிச்சம். ஆயினும் அக்கையின் விரைவைக் கண்டு வியந்த கண் அப்புலவருக்கு இருந்தது.

அந்தக் கண் எனக்கு வாய்க்கவில்லை. 1996ஆம் ஆண்டு கொழும்பில் வீடு வீடாகத் தேடுதல்கள் நடந்த காலம். இரவில் கதவு தட்டப்படுமோ என்ற அச்சத்திலேயே வெள்ளவத்தைத் தமிழ்க் குடும்பங்கள் பல உறங்கின. துப்பாக்கி உறை ஒன்று வீட்டில் அகப்பட்டால், அது பாக்குவெட்டிக்கு உரியது என்று எவரிடம் சொல்வது? ஒருநாள் விடியற்காலையில் அம்மா அதனைக் கத்தரிக்கோலால் துண்டுதுண்டாக வெட்ட முயன்றார். தோல் வெட்டுப்பட்டது. தையல் இலகுவில் விட்டுக்கொடுக்கவில்லை. துண்டுகளைச் சந்தைப் பையில் இட்டு, புகையிரதப் பாதையைக் கடந்து சென்று கடலில் எறிந்துவிட்டு வந்தேன். அம்மாவைக் குறைகூற மாட்டேன். அன்று அவர் காத்தது எங்களை. ஆயினும் எண்பது ஆண்டு அறாத தையலை எறிந்தது என் கையே.

கண்டி அரசிலிருந்து 1765இல் ஒல்லாந்தர் கொண்டுசென்ற லெவ்கே பீரங்கியும், அதனோடு வாள்களும் பெருந்துப்பாக்கிகளும் 2023இல் நாடு திரும்பிக் கொழும்புத் தேசிய நூதனசாலையைச் சேர்ந்தன. மகிழ்ச்சிக்குரிய செய்தி. பொன்னும் வெள்ளியும் இழைத்த படைக்கலங்களைத் திருப்பிக் கேட்க நாடுகள் உண்டு. நைந்த தோலுறையைக் கேட்பார் எவருமில்லை. அதனை வீட்டார்தாம் காத்தல் வேண்டும்.

ஆகவே, நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய உறையோ, பட்டியோ, சேணத்தின் துண்டோ இருக்குமாயின், எறிவதற்கு முன் ஒருமுறை விளக்கொளியில் பாருங்கள். கடற்காற்றும் ஈரமும் பூஞ்சணத்தைக் கொணரும். உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். எண்ணெயை அள்ளிப் பூசாதீர்கள். உள்ளே கடதாசி திணித்து வடிவம் குலையாமல் காப்பாற்றுங்கள். யார் அணிந்தார், எங்கே வாங்கினார் என்று அறிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், இன்றே கேட்டு எழுதி அதனோடு வையுங்கள். தைத்தவரின் பெயரை நாம் இனி அறியப்போவதில்லை. ஆனால் ஒரே நூலில் இரண்டு ஊசி கோத்து அவர் இட்ட தையல் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதையாவது நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்.