தொடும் கைகளின் படிப்பு

பிசியோதெரபியின் நவீன வரலாற்றை எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே ஓர் அவதூறு குறுக்கே நிற்கிறது. 1894ஆம் ஆண்டு, லண்டனில் மசாஜ் நிலையம் என்ற பெயரில் நடப்பவை பலவும் பாலியல் தொழில் விடுதிகளே என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் எழுதியது. நோயாளிகளின் கைகால்களை நீவிவிட்டு அவர்களை எழுந்து நடக்கவைத்துக்கொண்டிருந்த செவிலியர்கள்மீதும் அந்தச் சந்தேகம் விழுந்தது. அதே ஆண்டின் இறுதியில் லூசி ராபின்சன், ரோசலிண்ட் பேஜட், எலிசபெத் மேன்லி, மார்கரெட் பால்மர் என்ற நான்கு பெண்கள் சேர்ந்து, பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள்.

சங்கம் வகுத்த விதிகளைப் பார்த்தால் அந்தப் பெண்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பது தெரியும். மருத்துவர் சொல்லாமல் யாரையும் தொடக் கூடாது. மருத்துவர் தனியாகக் கேட்டுக்கொண்டால் தவிர ஆண்களுக்குப் பொது மசாஜ் செய்யக் கூடாது. மருத்துவ இதழ்களைத் தவிர வேறெதிலும் விளம்பரம் கூடாது. ஒரு பெண்ணின் கை இன்னொரு உடலைத் தொடுவதற்கு நன்னடத்தைச் சான்றிதழ் தேவைப்பட்டது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை, மருத்துவருக்குக் கீழ்ப்படிதல். 1920இல் அந்தச் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைத்தது. 1944இல்தான் அதன் பெயரில் பிசியோதெரபி என்ற சொல் ஏறியது.

நம் ஊர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. பிள்ளை பெற்றவளின் இடுப்பையும் முதுகையும் எண்ணெயிட்டு நீவி, வெந்நீர் ஊற்றி, வயிற்றில் துணி கட்டி நிமிர்த்தியவர்கள், மருத்துவச்சி என்று ஊர் அழைத்த நாவிதர் சமூகப் பெண்கள். அவர்களுடைய கை வீட்டின் உள்ளறை வரை போனது. அவர்களோ வேலை முடிந்ததும் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். கூலி, கொஞ்சம் தானியமும் பழைய சேலையும். லண்டன் செவிலியர்மீது ஒழுக்கம் சார்ந்த சந்தேகம் விழுந்தது என்றால், நம் மருத்துவச்சிமீது தீட்டு விழுந்தது. இரண்டுமே தொடுகிற பெண்ணைத் தள்ளிவைக்கும் வழிகள்தாம். ஒரு வேறுபாடு உண்டு. அங்கே அந்தக் கைகள் சங்கம் வைத்துப் படிப்பாக மாறின. இங்கே மருத்துவச்சியின் அறிவு எந்தப் பாடத்திட்டத்துக்குள்ளும் அவள் பெயரோடு நுழையவில்லை.

இந்தத் துறையை உலகம் மதிக்கத் தொடங்கியதற்குப் போரும் போலியோவும் காரணங்கள். முதல் உலகப் போரில் காயம்பட்ட அமெரிக்க வீரர்களை மீட்கப் பெண்களையே சேர்த்தார்கள். அவர்களில் ஒருவரான மேரி மெக்மில்லன் தலைமையில் 1921இல் அமெரிக்காவில் தொடங்கிய சங்கத்தின் பெயரிலேயே பெண்கள் என்ற சொல் இருந்தது. போலியோ பாதித்த பிள்ளைகளின் கால்களைக் கட்டைகளில் கட்டி அசையாமல் வைப்பதுதான் முறை என்று மருத்துவ உலகம் நம்பிய காலத்தில், ஆஸ்திரேலியச் செவிலியர் எலிசபெத் கென்னி கட்டுகளை அவிழ்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தசைகளை இயக்கிக் காட்டினார். பட்டம் இல்லாதவள் என்ற ஏளனத்தைப் பல ஆண்டுகள் கேட்ட பிறகே அவர் முறை ஏற்கப்பட்டது. இந்தியாவிலும் போலியோதான் கதவைத் திறந்தது. 1950களின் தொடக்கத்தில் பம்பாயில், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு முதல் பிசியோதெரபிப் பள்ளி தொடங்கியது. இரும்புக் கம்பி வைத்த பூட்ஸ் போட்டு, ஒரு கையைத் தொடையில் ஊன்றி நடந்த பிள்ளைகள் என் தலைமுறையின் எல்லா வகுப்பறைகளிலும் இருந்தார்கள். 2014இல் இந்தியா போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பிள்ளைகள் இப்போது நடுவயதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் சிகிச்சை வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த வரலாற்றுக்கு ஒரு முகம் உண்டு, மருத்துவர் மேரி வர்கீஸ். 1925இல் கொச்சிப் பகுதியில் பிறந்து, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பெண் மருத்துவர் என்றால் பிரசவம் பார்ப்பவர் என்றிருந்த காலத்தில் அவரும் மகளிர் மருத்துவத் துறையில்தான் இருந்தார். 1954 ஜனவரியில் நடந்த கார் விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திவந்த பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யலாமே என்று வழிகாட்டினார். சக்கர நாற்காலியில் இருந்தபடி மேரி அதைச் செய்தார்.

நம்முடைய தன்னம்பிக்கை நூல்கள் கதையை இந்த இடத்தில் முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. மேரி மறுபடியும் படிக்கப் போனார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் உடலியல் மறுவாழ்வு மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தார். திரும்பிவந்து 1963இல் வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966இல் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ வந்தது. 1986இல் மறைந்தார். நோயாளியாகவே இருந்துவிட எல்லாக் காரணமும் இருந்த ஒரு பெண், தன் உடல் எழுப்பிய கேள்வியைப் பாடமாக எடுத்துப் படித்து, அதைத் துறையாக்கினார். தைரியத்தைப் பாராட்டுவது எளிது. முப்பத்தைந்து வயதையொட்டி மணமாகாத ஒரு பெண் மேற்படிப்புக்காகக் கடல் கடக்க நிறுவனமும் நிதியும் துணைநின்றன என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

சேந்தமங்கலத்துக்கு வருகிறேன். கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அந்த மலையில் தெய்வம் செய்துவைத்த பாவை ஒன்று இருப்பதாகவும் காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும் அது உருக்குலையாது என்றும் நற்றிணை சொல்கிறது. வகுப்பில் அந்தப் பாடலை நடத்தும்போதெல்லாம் எனக்கு உருக்குலைகிற உடல்கள் நினைவுக்கு வரும். மலையில் பலாவும் வாழைத்தாரும் சுமக்கிற பெண்கள், சேகோ ஆலைகளில் தரையில் குந்தி உட்கார்ந்து குச்சிக்கிழங்குத் தோல் சீவுகிற பெண்கள், கோழிப்பண்ணையில் குனிந்து நிமிர்ந்து முட்டை பொறுக்குகிற பெண்கள். முட்டி வலி, இடுப்பு வலி, இருமினால் சிறுநீர் கசிவது, அடியிறக்கம். கடைசி இரண்டையும் அவர்கள் மகளிடம்கூடச் சொல்வதில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண் நாலரை ஆண்டு பி.பி.டி. முடித்திருக்கிறாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. எம்.பி.டி. படிக்கக் கோயம்புத்தூரில் இடம் கிடைத்தது. அப்பாவிடம் பேசச் சொல்லி என்னை அழைத்துப்போனாள். அவர் லாரி ஓட்டியே இடுப்பு விட்டுப்போனவர். தினமும் காலையில் மகள்தான் பாயில் படுக்கவைத்துப் பயிற்சி கொடுக்கிறாள்.

“டீச்சர், இன்னும் ரெண்டு வருசம் படிச்சான்னா அதுக்கு மேல படிச்ச மாப்பிள்ளைய நான் எங்கீங்க போய்த் தேடறது? இப்பவே, ஆம்பளைங்க கைகாலப் புடிச்சு விடற வேலைதானேன்னு பொண்ணு பாக்க வந்தவங்க கேட்டுட்டுப் போறாங்க” என்றார்.

“அப்பா இடுப்பப் புடிச்சு விடறப்ப அது வைத்தியம். வெளிய போய்ச் செஞ்சா மட்டும் கேவலமாக்கா?” என்று என்னிடம் கேட்டாள் அவள்.

1894இன் லண்டன் எங்கள் தெருத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. முதல் பட்டம் கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட உதவும் என்பதால் அனுமதிக்கப்படுகிறது. இரண்டாவது பட்டத்தை ஒரு பெண் தனக்காகக் கேட்கிறாள், அதனால்தான் அது உறுத்துகிறது. அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. அவள் நாமக்கல்லில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்துக் கட்டணத்துக்குப் பணம் சேர்க்கிறாள். மாப்பிள்ளை பார்ப்பதும் நிற்கவில்லை.

எம்.பி.டி.யின் இரண்டு ஆண்டுகள் என்ன தருகின்றன? எலும்பு, நரம்பு, இதயம் நுரையீரல், விளையாட்டு என்று ஒரு பிரிவில் ஆழ்ந்த பயிற்சியும் கல்லூரியில் கற்பிக்கும் தகுதியும் கிடைக்கும். சம்பளமும் கொஞ்சம் உயரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் ஆய்வேடு எழுத வேண்டும், அதாவது சொந்தமாக ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேள்வி யாருடையது என்பது சிறிய விஷயமல்ல. அடியிறக்கத்துக்கும் சிறுநீர்க் கசிவுக்கும் இன்று சொல்லித்தரப்படும் இடுப்புத்தளப் பயிற்சி, 1948இல் எழுதிய ஆர்னால்ட் கீகல் என்ற மருத்துவரின் பெயரால் வழங்குகிறது. பிரிட்டனில் நடனக் கலைஞரும் பிசியோதெரபிஸ்டுமான மார்கரெட் மாரிஸ் 1936லேயே அதைப் பற்றி எழுதியிருந்தார்.

2021இல் இந்தத் துறையினரையும் உள்ளடக்கிய சட்டம் தேசிய அளவில் வந்தது. அதே ஆண்டு தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டு வாசலுக்கு வந்தது. சிகிச்சை வாசல்வரை வந்துவிட்டது. வாசலுக்கு உள்ளே சொல்லப்படாத வலிகள் இருக்கின்றன. நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து கிழங்கு சீவுகிறவளின் முட்டிக்கும் இடுப்புத்தளத்துக்கும் இருபது ஆண்டுகளில் என்ன நேர்கிறது என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. அதைக் கேட்கத் தெரிந்த ஒரு பெண், அந்த ஆலைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறாள். அவளுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் வேண்டும்.