சிக்னல் ஏன் மெல்லச் சிமிட்டுகிறது?



யாழ்ப்பாணத்தில் ஓடிய பழைய ஏ-40, மொறிஸ் மைனர் கார்கள் ஞாபகம் இருக்கிறதா? திரும்பும்போது பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். அதுதான் அந்நாளைய சிக்னல்.

சிக்னலின் கதையில் எங்கள் ஒன்ராறியோவுக்கும் பங்குண்டு. ஹமில்ரனில் பிறந்த ஊமைப்பட நடிகை புளோரன்ஸ் லோரன்ஸ், 1914 அளவில், பொத்தானை அழுத்தியதும் காரின் பின்புறம் எழும் சமிக்ஞைக் கையை அமைத்தார். காப்புரிமை எடுக்காததால் அவருக்குப் பணமும் வரவில்லை.

1939இல் பியூக் கார்களில் மின்னி மறையும் சிக்னல் வந்தது. பழைய கார்களில் அதை மின்ன வைத்தது பிளாஷர் என்ற சின்னப் பெட்டி. மின்சாரம் பாய உள்ளேயுள்ள தகடு சூடாகி வளையும், இணைப்பு அறும். ஆறியதும் திரும்ப ஒட்டும். 'டிக் டிக்' சத்தம் அதுதான்.

மின்சாரம் குறைந்தால் தகடு சூடாகப் பிந்தும். விளக்கு மெல்லச் சிமிட்டும். நான் பழைய கார் ஓட்டிய காலத்தில் முதலில் நான்கு மூலைப் பல்புகளையும் பார்ப்பேன். அடுத்து, ரொறன்ரோவின் பனிக்கால உப்பில் துருப்பிடித்த ஏர்த் இணைப்பு, பிறகு பற்றரி, கடைசியாகத்தான் பிளாஷர். புதிய கார்களில் மின்னணுக் கட்டுப்பாடு. பல்ப் போனால் பெரும்பாலும் வேகமாகச் சிமிட்டும்.

நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை சிமிட்டுவதே முறை. எண்ணிப் பாருங்கள். நாலுபத்து நேரத்து 401 நெடுஞ்சாலையில், நாங்கள் எந்தப் பக்கம் போகிறோம் என்று பின்னால் வருபவருக்குச் சொல்வது அந்த விளக்கு ஒன்றுதான்.