ஒளிக்கு ஒரு முக்காடு

குயிலாப்பாளையத்துச் செம்மண் பாதையில், முந்திரித் தோப்பின் ஓரமாக அமைந்த ஓர் இல்லத்திற்கு, மூதாட்டி ஒருவரின் முப்பதாம் நாள் செபத்திற்காக நாம் செல்ல நேர்ந்தது. சுவரில் மாலையிட்ட பெரிய படம் ஒன்று தொங்கியது. நகரத்து ஸ்டூடியோவில் எடுத்துச் சட்டமிட்ட படம். செபம் முடிந்து எழுந்தபோது அவ்வீட்டுச் சிறுமி நம் அங்கியைப் பற்றி இழுத்து, "சாமி, மாலை போட்டிருக்கிறவங்க எங்க ஆயா இல்ல" என்றாள். பெரியவர்கள் அதட்டினார்கள். அவளோ உள்ளே ஓடிச் சிறு படமொன்றைக் கொண்டுவந்து காட்டினாள். திண்ணையில் அமர்ந்திருந்த ஆயாவைப் பேரன் தன் செல்போனில் எடுத்திருந்தான். வெயிலில் கறுத்த முகம், நெற்றிக் கோடுகள், சிரிப்பை அடக்கும் உதடுகள் எல்லாம் அதில் இருந்தன. சுவரிலிருந்த முகமோ சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்து, ஒரு கோடும் இல்லாதிருந்தது.

சிறுமி சொன்னது உண்மையே. ஓர் ஏழைக் குடும்பம் காசு கொடுத்து வாங்கிய படத்தில் ஆயா இல்லை. காசில்லாமல் கிடைத்த படத்தில் இருந்தார். இது எவ்வாறு நேர்ந்தது என்று எண்ணத் தொடங்கியபோது, ஒளியைப் பக்குவப்படுத்த மனிதர் பட்ட பாட்டின் வரலாறு நம்முன் விரிந்தது.

1839 ஆகஸ்டு 19ஆம் நாள் பாரிஸ் நகரில் தாகேர் என்பாரின் புகைப்பட முறை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அக்கலை சென்னையில் வேரூன்றிவிட்டது. நிக்கோலஸ் சகோதரர்கள் போன்றோர் அங்கே படக்கூடம் நடத்தினர். மின்விளக்கு இல்லாத காலம் அது. கதிரவனே விளக்கு. ஆனால் நேர்வெயிலில் அமர்ந்தவரின் கண்கள் குழிந்து இருண்டுவிடும். மூக்கின் நிழல் மீசைபோல் விழும். ஆகவே மாடியில் கண்ணாடிக் கூரை அமைத்து, நேர்வெயில் குறைவாக விழும் வடதிசை நோக்கி அதைத் திறந்து, அடியில் வெள்ளைத் திரைகளைக் கட்டினார்கள். திரையை இழுத்தும் விலக்கியும் வெளிச்சத்தை முகத்துக்கு ஏற்றவாறு அமைத்தார்கள். இன்று ஸ்டூடியோக்களில் காணும் குடைகளுக்கும் பெட்டிகளுக்கும் அத்திரைகளே மூதாதையர்.

மின்னொளி வந்த பின்னும் இத்தேவை நீங்கவில்லை. நம் திருச்சபை வரலாற்றிலேயே இதற்கொரு சான்று உண்டு. 1898 மே மாதம் இத்தாலியின் தூரின் நகரில், ஆண்டவரின் உடலைப் பொதிந்ததாகப் போற்றப்படும் துணி மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதைப் படமெடுக்க அனுமதி பெற்றவர் செக்கோந்தோ பியா என்ற வழக்கறிஞர். புகைப்படம் அவருக்கு ஓய்வுநேரக் கலை. துணியின்மீது ஒளி சீராகப் பரவ வேண்டுமென்று, கடுமையான மின்விளக்குகளின் முன் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடிகளைப் பொருத்தினார். மே 25 அன்று விளக்குகளின் வெப்பம் தாங்காது அவை வெடித்தன. மனம் தளராது மே 28 இரவு மீண்டும் முயன்றார். இருட்டறையில் நெகட்டிவ் தட்டைக் கழுவியபோது, துணியில் மங்கலாகத் தெரிந்த உருவம் தெளிவான ஒரு முகமாக எழுந்ததைக் கண்டு மலைத்துப்போனார்.

1988இல் நடந்த கதிரியக்கக் கரிமச் சோதனை, அத்துணி 1260க்கும் 1390க்கும் இடைப்பட்ட காலத்தது என்று கூறியது. அதன் தொன்மையைப் பற்றித் திருச்சபை தீர்ப்பளிக்காமல், ஆய்வை அறிவியலாரிடமே விட்டிருக்கிறது. நாம் இங்கே கருதுவது வேறு. பியா அத்துணியின்மீது ஒரு கோடும் வரையவில்லை. அதன்மேல் விழும் ஒளியைச் சீராக்கவே பாடுபட்டார். உள்ளதைக் காட்ட உழைப்பது ஒன்று. இல்லாததைச் சேர்ப்பது மற்றொன்று.

இவ்வேறுபாட்டை லிசியே கார்மேல் மடத்திலும் காணலாம். குழந்தை தெரேசாவின் தமக்கை செலின், 1894இல் மடத்தில் சேர்ந்தபோது தம் கேமராவையும் கொண்டுவந்தார். தங்கை 1897 செப்டம்பர் 30இல் இறக்கும்வரை பலமுறை படமெடுத்தார். அவற்றில் உறுதியான தாடையும் ஊடுருவும் பார்வையும் கொண்ட பெண்ணொருத்தியைக் காண்கிறோம். ஆனால் உலகெங்கும் பரவியவை செலின் அன்பு மிகுதியால் மென்மையாக்கித் தீட்டிய உருவங்களே. திருத்தப்படாத படங்கள் 1961இல்தான் முழுமையாக நூல்வடிவில் வெளிவந்தன. புனிதையின் உண்மை முகம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அன்பினாலேயே மறைக்கப்பட்டிருந்தது.

நம் நாட்டில் இம்மறைப்புக்கு வேறொரு காரணமும் உண்டு. தொடக்ககாலத் தட்டுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணர்ந்தன. சிவப்பையும் பழுப்பையும் உணரவில்லை. ஆதலால் நம்மவரின் மாநிறம் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கறுத்தே பதிந்தது. எல்லா நிறங்களையும் உணரும் தட்டுகள் 1906 முதல் விற்பனைக்கு வந்தும் பழக்கம் மாறவில்லை. முகத்தில் பவுடர் அப்பினார்கள். நெகட்டிவில் முகத்தின்மேல் கூர்மையான பென்சிலால் புள்ளியிட்டார்கள். அவ்விடம் படத்தில் வெளுத்து வரும். 'டச்சிங்' என்ற இவ்வேலையில் தேர்ந்தவருக்குத் தனி மதிப்பு இருந்தது. வண்ணப்படம் வந்தபோது, அமெரிக்க நிறுவனம் ஒன்று அச்சு நிறத்தைச் சரிபார்க்க அனுப்பிய மாதிரி அட்டையில் நெடுங்காலம் வெள்ளைப் பெண்ணொருத்தியின் முகமே இருந்தது. கறுப்பு நிறம் ஒரு குறை, அதைத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் இவ்வாறு கருவிக்குள்ளும் புகுந்தது. பெண் பார்க்க வருமுன் கொடுத்தனுப்பும் படத்தால் எத்தனை பெண்கள் தம் முகத்தைத் தாமே வெறுக்கக் கற்றார்கள் என்பதைப் பங்குப் பணியில் நாம் கண்டிருக்கிறோம்.

உண்மையில் கறுத்த முகத்துக்குத் தேவை சுண்ணாம்பன்று, பரந்த ஒளி. சிறிய விளக்கு அத்தகைய முகத்தில் பட்டால் நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைப் பொட்டுகளாக மின்னும்; மற்ற இடம் இருளில் மூழ்கும். அதே விளக்கைப் பெரிய வெண்துணியின் பின்னே வைத்தால், முகமெங்கும் மெல்லிய மினுக்கம் படர்ந்து கன்னத்தின் வளைவும் கண்ணோரக் கோடுகளும் தெளியும். ஒளிமூலம் முகத்தைவிடப் பெரிதாகவும் அருகிலும் இருந்தால் நிழல் மென்மையாகும். பெரிய துணியானாலும் தொலைவில் வைத்தால் சிறு விளக்கின் கடுமையே திரும்பும்.

கருவியைத் தேர்வதற்கும் இதுவே அடிப்படை. குடை எளிது, விலை மலிவு. ஆயினும் ஒளியை நாற்புறமும் இறைக்கும். பத்துப் பேர் நிற்கும் திருமண வீட்டார் படத்துக்கு அது நன்று. சாஃப்ட் பாக்ஸ் என்னும் பெட்டி, வெளியே கறுப்பும் உள்ளே வெள்ளியும் முன்னே வெண்துணியுமாக அமைந்து, ஒளியைக் கட்டுக்குள் வைக்கும். முதியவர் ஒருவரின் முகத்துக்கு, பக்கவாட்டில் சற்று உயரத்தில் அதனை அருகே வைத்து, மறுபக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையைப் பிடித்தால் போதும். ஒரு சுருக்கத்தையும் அழிக்காமல் கனிவாகக் காட்டும்.

குயிலாப்பாளையத்துத் திண்ணையில் நடந்ததும் இதுவே. கூரையின் நிழல் நேர்வெயிலைத் தடுத்தது. எதிர்வீட்டு வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைப் பரப்பித் திருப்பி அனுப்பியது. பேரன் அறியாமலேயே தக்கதொரு கருவியைத் தேர்ந்திருந்தான்.

விடுதலைப் பயண நூல் 34ஆம் அதிகாரத்தில், சீனாய் மலையிலிருந்து இறங்கிய மோசேயின் முகம் ஒளிவீசக் கண்டு மக்கள் அருகே வர அஞ்சினர். அவர்களோடு பேசி முடித்தபின் மோசே தம் முகத்தில் முக்காடு இட்டுக்கொண்டார். அந்த முக்காடு அவர் முகத்தை மாற்றவில்லை. பார்ப்போரின் கண்களுக்கு இரங்கியது. ஆண்டவர் திருமுன் சென்றபோதோ மோசே அதை எடுத்துவிட்டார். இறைவன்முன் நாம் யாவரும் உள்ளபடியே நிற்கிறோம். அங்கே டச்சிங் இல்லை, அது தேவையுமில்லை.

பழைய ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டு வருகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிரதியெடுத்துக் காத்திருக்கின்றனர். பரண்களிலும் தகரப் பெட்டிகளிலும் கிடக்கும் நம் முன்னோர் படங்களை நாமும் குப்பையில் எறியாது காப்போம். இன்று பென்சிலின் வேலையைச் செல்போன் நொடியில் செய்கிறது. கேளாமலேயே முகத்தை வெளுக்கிறது. ஆகவே வீட்டுப் பெரியவர்களைப் படமெடுக்கும்போது திண்ணை நிழலையோ சன்னலோரத்தையோ தேடுங்கள். ஸ்டூடியோவுக்குச் சென்றால் விளக்கருகே நிற்பவரிடம் ஒரு சொல் சொல்லுங்கள்: "வெளிச்சத்தை மாத்துங்க தம்பி, முகத்தை மாத்தாதீங்க."

ஆண்டு நினைவுத் திருப்பலியை ஒட்டி அவ்வீட்டிற்கு மீண்டும் சென்றோம். மாலை திண்ணைப் படத்திற்கு மாறியிருந்தது.